எண்ணெய்க் கிணற்றில் வேண்டாத நீர்



கிணறு வெட்டுவது நீருக்காக என்பது நம் முன்னோர் கண்ட வழக்கம். ஊற்றுக்கண் திறந்து முதல் நீர் பொங்கும்போது, வெட்டியவன் மண்வெட்டியை ஓரமாகச் சாத்திவிட்டு அந்நீரை இரு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வான். ஆனால் கிணறுகளுள் வேறொரு வகை உண்டு. அதில் நீர் வந்துவிட்டது என்னும் செய்தி கிடைத்தால் பொறுப்பாளர்களின் முகம் வாடிவிடும். அதுவே எண்ணெய்க் கிணறு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது நம் பழமொழி. எண்ணெய்க் கிணறு தோண்டுவோருக்கு அப்பூதம் பெரும்பாலும் நீர் வடிவிலேயே வருகிறது. அந்நீர் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, அதனை அடக்க வழி உண்டா என்பன பற்றி இன்று சிறிது நேரம் பேசுவோம்.

குஜராத்தில் அங்கலேஷ்வரிலும் மேஹ்சானாவிலும், ராஜஸ்தானத்துப் பார்மேரிலும், அஸ்ஸாமில் துலியாஜானிலும், மும்பைக்கு மேற்கே கடலில் நிற்கும் மேடைகளிலும் பணிபுரியும் தமிழர்கள் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். அவர்கள் நாள்தோறும் கையால் தொட்டுப் பழகிய செய்தியை நாம் ஏட்டிலிருந்து சொல்லப்போகிறோம்; பொறுத்தருள வேண்டும். நாம் கலைக்கல்லூரியில் பயின்று, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர். பிறர் எழுதியதைப் பெயர்த்துப் பெயர்த்து, அப்பொருளின்மேல் நமக்கே ஒரு பற்று உண்டாகிவிடுகிறது. அந்தப் பற்றே இப்பேச்சுக்குக் காரணம்.

முதலில் ஒரு கணக்கு. 2000ஆம் ஆண்டளவில் தொழில் வட்டாரத்தில் செய்யப்பட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஒரு பீப்பாய் எண்ணெயை எடுக்கும்போது சராசரியாக மூன்று பீப்பாய் நீரும் உடன் வந்தது. இத்தொழிலில் பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். எனவே அளவை மட்டும் நோக்கினால், எண்ணெய்த் தொழில் என்பது உண்மையில் நீர் இறைக்கும் தொழிலே. எண்ணெய் அந்நீரோடு கலந்து வரும் ஆதாயம். கச்சா எண்ணெய்த் தேவையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நம் நாட்டுக்கு, உள்நாட்டுக் கிணறு ஒன்று நீரில் மூழ்கிப் பயனற்றுப் போவது சிறிய இழப்பன்று.

பூமிக்குள் எண்ணெய், ஏரிபோலத் தேங்கி நிற்கிறது என்று எண்ணுவோர் இன்னும் பலர் உளர். அது தவறு. எண்ணெய் தங்கியிருப்பது மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளில் உள்ள நுண்துளைகளுக்குள். கையில் எடுத்துப் பார்த்தால் அது வெறுங்கல்லாகவே தோன்றும். ஆனால் கடற்பஞ்சு நீரை உறிஞ்சி வைத்திருப்பதுபோல அக்கல் எண்ணெயை வைத்திருக்கிறது. அத்துளைகளில் முதன்முதலில் குடியிருந்தது நீர்தான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மணலும் சேறும் படிந்தபோதே அவற்றோடு நீரும் சிறைப்பட்டது. அது பெரும்பாலும் உவர்நீர். எண்ணெய் பின்னால் வந்த குடி. ஆழத்தில் உள்ள மூலப்பாறையில் உருவாகி, நீரைவிட இலேசாக இருப்பதால் சிறுகச் சிறுக மேலேறி, நீரும் எண்ணெயும் புகாத களிப்பாறை கூரைபோல் தடுத்த இடத்தில் நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்த நீரைக் கீழே தள்ளியது. ஆயினும் முழுவதும் தள்ள அதனால் இயலவில்லை. மணற்பொடி ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய படலமாக நீர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மேலே சில இடங்களில் வாயு, நடுவில் எண்ணெய், அடியிலும் பக்கங்களிலும் நீர் என்பதே பெரும்பாலான எண்ணெய் வயல்களின் அமைப்பு.

அங்கே கிணறு தோண்டி எண்ணெயை எடுக்கத் தொடங்கினால் அவ்விடத்தின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்தை நிரப்ப, சுற்றிலும் உள்ள நீர் விரிந்து நகர்ந்து வருகிறது. வரும்போது எண்ணெயைத் தனக்கு முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. இயற்கை நீரின் தள்ளுவிசை வலுவாக உள்ள வயல் பேறு பெற்ற வயல் எனலாம். அவ்விசை போதாத இடங்களில், மனிதரே வேறு கிணறுகளின் வழியாக நீரை உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ளச் செய்கின்றனர். மும்பை ஹையில் கடல்நீரே இதற்குப் பயன்படுகிறது.

ஆகவே எண்ணெய்க் கிணற்றில் வரும் நீரெல்லாம் பகை என்று முடிவு கட்டுவது சரியன்று. இத்துறையினர் நீரை நல்ல நீர், தீய நீர் என இரண்டாகப் பிரிப்பர். பாறையின் துளைகளை அலசி, எண்ணெயைத் தள்ளிக்கொண்டு கிணற்றை வந்து சேர்வது நல்ல நீர். தன் வேலையைச் செய்துவிட்டே அது வருகிறது. அதனை அடைத்தால் கூடவே எண்ணெயும் நின்றுபோகும். எண்ணெயைத் தீண்டாமல், குறுக்கு வழி கண்டு, நேரே கிணற்றுக்குள் பாய்வது தீய நீர். அதனை எவ்வளவு இறைத்தாலும் எண்ணெய் கூடுவதில்லை. அடைக்க வேண்டியது இதனையே. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே குழாயில், ஒரே நிறத்தில், ஒன்றாகக் கலந்தே மேலே வருகின்றன.

வெளிவரும் திரவத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு நீர் என்பதை ஆங்கிலத்தில் ‘வாட்டர் கட்’ என்பர். இச்சொல்லை ஒரு முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ‘நீர் வெட்டு’ என்று பெயர்த்திருக்கக் கண்டோம். படிப்பவர் நகராட்சிக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்றே எண்ணுவர். பொருளோ அதற்கு நேர்மாறு! நாம் இதனை நீர்ப்பங்கு என்றே சொல்வோம். நீர்ப்பங்கு நூற்றுக்கு 90 என்றால், ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 9 பீப்பாய் நீர். அதுவே 95 ஆனால் ஒரு பீப்பாய்க்கு 19 பீப்பாய் நீர். 98 ஆனால் 49 பீப்பாய். எண்ணைக் கேட்டால் 90க்கும் 95க்கும் ஐந்தே வேறுபாடு. இறைக்கும் சுமையோ இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. முதிர்ந்த வயல்களில் கிணறு பிழைப்பதும் மடிவதும் இந்தக் கடைசிச் சில எண்களில்தான் இருக்கிறது.

நீரின் எடையும் ஒரு தொல்லை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர்த்தூண் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோகிராம் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அதே உயரமுள்ள இலேசான கச்சா எண்ணெய்த் தூண் சுமார் 85 கிலோகிராம் அழுத்தத்தையே உண்டாக்கும். பூமியின் அழுத்தத்தாலேயே தானாகப் பொங்கி வந்துகொண்டிருந்த கிணற்றில் எண்ணெய்க்குப் பதிலாக நீர் நிறைந்தால், அந்தக் கூடுதல் பாரத்தைத் தூக்க இயலாமல் கிணறு நின்றுவிடும். கீழே எண்ணெய் இருக்கும், மேலே வராது. பிறகு பம்பு வைக்க வேண்டும், அல்லது குழாயினுள் வாயுவைச் செலுத்தித் தூணின் எடையைக் குறைக்க வேண்டும். இவற்றோடு, உவர்நீர் இரும்பை அரிக்கும். மணலை அவிழ்த்துக் கொண்டுவரும். எண்ணெயோடு கடைந்த மோர்போலக் கலந்து பிரிய மறுக்கும். கடல்நீரில் உள்ள சல்பேட்டும் பாறைநீரில் உள்ள பேரியமும் சந்தித்தால் கல்போன்ற உப்பு குழாயின் உட்புறத்தில் படியும். வெந்நீர் அண்டாவின் அடியில் காறை படிவதுபோன்றதே இது. ஆனால் புளி போட்டுத் தேய்த்து எடுக்கும் காறை அன்று.

இனி, தீய நீர் வரும் வழிகளைப் பார்ப்போம்.

எண்ணெய்க் கிணறு என்பது ஆழத்துக்கு இறக்கிய எஃகுக் குழாய். அக்குழாய்க்கும் சுற்றியுள்ள பாறைக்கும் இடைப்பட்ட வெளியைச் சிமெண்டுக் குழம்பால் நிரப்புவர். பிறகு எண்ணெய் அடுக்குக்கு நேரே வெடிமருந்தால் குழாயிலும் சிமெண்டிலும் சிறு துளைகள் இடுவர். குழாய் அரிக்கப்பட்டு ஓட்டையானால், இடையில் உள்ள வேறொரு நீரடுக்கு உள்ளே புகும். சிமெண்டு சரியாகப் பிடிக்காமல் எங்கேனும் சந்து விட்டிருந்தால், கீழே உள்ள நீர் குழாயின் வெளிப்புறமாகவே ஊர்ந்து ஏறி எண்ணெய்த் துளைக்குள் வந்துவிடும். இவை கட்டட வேலையில் நேரும் ஒழுக்கு போன்றவை. இடம் தெரிந்தால் அடைத்துவிடலாம். இத்தகைய நோய் கண்ட கிணறு கொடுத்துவைத்த கிணறு என்றே பொறியியலார் கருதுகின்றனர்.

அடுத்த வகை சற்று நுட்பமானது; நமக்கு மிகவும் சுவையாகப்பட்டதும் இதுவே. அடியில் நீரும் அதன்மேல் எண்ணெயும் நிற்கும் பாறையில் கிணற்றின் துளைகள் எண்ணெய்ப் பகுதியில் இருக்கின்றன. மெதுவாக எடுத்தால் எண்ணெய் மட்டும் வரும். ஆசைப்பட்டு வேகமாக இழுத்தால், கிணற்றுக்கு நேர் கீழே உள்ள நீரின் மட்டம் கூம்புபோல் மேலெழுந்து துளையைத் தொட்டுவிடும். வீட்டில் ரசத்தின் தெளிவை மட்டும் எடுக்க விரும்புவோர் என்ன செய்கின்றனர்? அகப்பையை மேலாக வைத்து மெல்ல மொள்ளுகின்றனர். பந்தியில் அவசரப்பட்டு மொண்டால் அடியில் கிடக்கும் மண்டி கிளம்பிவிடும். பூமிக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. எண்ணெயைவிட நீர் கனமானது. ஆதலால் கீழேயே கிடக்க விரும்புகிறது. கிணற்றின் இழுப்பு அந்தக் கனத்தை வெல்லும் வரையில் அஞ்சவேண்டியதில்லை. வென்றுவிட்டால் கூம்பு எழும். 1935இல் மஸ்கட், வைக்காப் என்னும் இருவர் இதற்கு முதன்முதலில் கணிதம் வகுத்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் நீர் எழாத எல்லை வேகம் ஒன்று உண்டு என்று காட்டினர்.

அந்த எல்லை வேகம் பெரும்பாலும் மிகச் சிறியதாக இருக்கிறது என்பதே துன்பம். அதற்கு உட்பட்டு எடுத்தால் தோண்டிய செலவு திரும்பிவர நெடுங்காலம் ஆகும். மீறி எடுத்தால் முதல் ஆண்டுக் கணக்கு மிக அழகாக இருக்கும். பின்னால் நீர் வரும். எழுந்த கூம்பு, கிணற்றைச் சில நாள் மூடிவைத்தால் ஓரளவு தணியும். ஆனால் எண்ணெய் சென்ற வழியில் ஒரு முறை நீர் நடந்துவிட்டால், அவ்வழி நீருக்குப் பழகிய வழியாகிவிடுகிறது. உற்பத்தி இலக்கு என்ற எண்ணை மேலிருந்து விதிப்பவர்கள் இக்கூம்பை ஒரு முறையேனும் படத்தில் பார்த்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

மூன்றாவது வகை, பாறையின் அடுக்குகளைப் பற்றியது. எண்ணெய்ப் பாறை ஒரே சீராக இருப்பதில்லை. ஓர் அடுக்கில் துளைகள் பெரியன, அடுத்ததில் சிறியன. நீரைச் செலுத்தினால் அது எல்லா அடுக்குகளிலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. வரப்பில் நண்டுவளை இருந்தால், மடையைத் திறந்த நீர் பயிருக்குப் பாயாமல் வளைவழியே அண்டை வயலுக்கு ஓடிவிடுகிறதல்லவா? அதுபோலச் செலுத்திய நீர் முழுவதும் பெருந்துளை அடுக்கிலேயே ஓடி, அடுத்த கிணற்றில் வெளிப்பட்டுவிடும். சிறுதுளை அடுக்குகளில் எண்ணெய் தீண்டப்படாமல் கிடக்கும். இத்தகைய அடுக்கை ஆங்கிலேயர் ‘திருட்டு அடுக்கு’ என்னும் பொருள்பட அழைக்கின்றனர். இதனை மட்டும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் நமக்குத் தடையில்லை. பாறையில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான். எண்ணெய் தடித்ததாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். தேனின் ஊடே தண்ணீரைச் செலுத்தினால், தண்ணீர் தேனைத் தள்ளுமா? விரல்விரலாகப் பிளந்துகொண்டு முன்னே ஓடிவிடும்.

வழி எது என்று அறியாமல் மருந்து இடுவது வீண். முற்காலத்தில் நீர் மிகுந்தால் உடனே சிமெண்டைச் செலுத்தி அடைத்துப் பார்ப்பது பழக்கமாக இருந்தது. சில வேளை பலித்தது. பல வேளை எண்ணெய்த் துளைகளே அடைபட்டன. இக்காலத்தில் கிணற்றுக்கு நாடி பார்க்கப் பல கருவிகள் உள. கம்பியில் கட்டி இறக்கும் சிறு காற்றாடி, எந்த ஆழத்தில் எவ்வளவு திரவம் உள்ளே வருகிறது என்பதைச் சுழலும் வேகத்தால் காட்டும். வெப்பமானி, குழாய்க்கு வெளியே ஊரும் நீரைக் காட்டிக்கொடுக்கும். ஒலி அலையை அனுப்பிச் சிமெண்டு பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கருவியும் உண்டு. குயவன் பானையைத் தட்டி ஓசையால் விரிசல் அறிவதை ஒத்தது அது. செலுத்தும் நீரில் ஓர் அடையாளப் பொருளைக் கலந்துவிட்டு, அது எந்தக் கிணற்றில், எத்தனை நாளில் தலைகாட்டுகிறது என்று பார்ப்பதும் உண்டு. வெளிவரும் நீரின் உப்பைச் சோதித்தாலே அது பாறையின் பழைய நீரா, நாம் செலுத்திய கடல்நீரா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இவற்றோடு, செலவில்லாத முறை ஒன்றும் இருக்கிறது. கிணற்றின் பழைய கணக்கேட்டை எடுத்துப் படிப்பதுதான் அது. 1995இல் சான் என்னும் பொறியியலார், நீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள விகிதம் காலப்போக்கில் ஏறும் விதத்தை வரைபடமாக்கினால், கூம்பாக எழுந்த நீர் ஒருவகைக் கோட்டையும் அடுக்குவழியே ஓடிவந்த நீர் வேறுவகைக் கோட்டையும் தரும் என்று காட்டினார். கூம்பில் ஏற்றம் நாளடைவில் தளர்கிறது. அடுக்கில் அது தளராமல் விரைகிறது. இவ்வரைபடத்தை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் எச்சரித்ததும் உண்டு. ஆயினும், ஆண்டுக்கணக்காக யாரோ ஒரு குமாஸ்தா நாள்தவறாமல் எழுதிவைத்த எண்கள் பூமிக்குள் நடப்பதைச் சொல்கின்றன என்பது, ஏட்டோடு வாழும் நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

நோய் தெரிந்தபின் மருந்து. நீர் வருவது அடியில் உள்ள துளைகளில் என்றால், அவற்றுக்கு மேலே கிணற்றினுள் ஓர் அடைப்பை வைத்துவிட்டு மேற்பகுதியிலிருந்து மட்டும் எடுக்கலாம். நடுவில் என்றால், மேலும் கீழும் ரப்பர் வளையம் பொருந்திய அடைப்பான்களை வைத்து அப்பகுதியை மட்டும் தனிப்படுத்தலாம். தொழிலாளர் இவ்வடைப்பான்களைப் ‘பாக்கர்’ என்றே அழைப்பர். சிமெண்டுச் சந்தாயின், அழுத்தம் கொடுத்துப் புதுச் சிமெண்டைப் பிழிந்து செலுத்துவர்.

ஆனால் சிமெண்டுக்கு ஒரு குறை. அதன் பொடி, பாறையின் நுண்துளைக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. ஓட்டையையும் சந்தையும் அது அடைக்கும், பாறையை அடைக்காது. பாறைக்குள் நுழைய நீர்போன்ற மருந்து வேண்டும். நுழைந்தபின் அது கெட்டியாக வேண்டும். பாலி அக்ரிலமைடு என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருளை நீரில் கரைத்து, குரோமிய உப்பு ஒன்றையும் சேர்த்துச் செலுத்தினால், ஓடும்போது கஞ்சிபோல் ஓடி, உரிய நேரத்தில் உள்ளே கடற்பாசி அல்வாபோல் உறைந்துவிடுகிறது. 1980களில் அமெரிக்காவில் இம்முறை நன்கு வளர்ந்தது. சோடியம் சிலிக்கேட்டைக் கொண்டு உறையச் செய்யும் முறையும் நெடுநாளாக உண்டு. எவ்வளவு நேரத்தில் உறைய வேண்டும் என்பதைப் பூமியின் வெப்பம் அறிந்து திட்டம் செய்ய வேண்டும். முன்னரே உறைந்தால் கிணறே அடைபடும். உறையாவிட்டால் செலவு செய்த மருந்தெல்லாம் திரும்பி மேலே வந்துவிடும்.

வேறொரு நுட்பமும் காண்க. சில பாலிமர்கள் பாறைக்குள் சென்றபின், நீர் நடப்பதைப் பெரிதும் தடுக்கும். எண்ணெய் நடப்பதைச் சிறிதே தடுக்கும். ஆகவே எங்கே நீர், எங்கே எண்ணெய் என்று பிரித்தறிய இயலாத கிணற்றில் இதனைப் பயன்படுத்த ஆசை எழுவது இயல்பே. விளைவு எப்போதும் ஆசைக்கு ஒத்ததாக இருப்பதில்லை. எண்ணெய்க்கு உண்டாகும் அந்தச் சிறு தடையே மெலிந்த கிணற்றை நிறுத்திவிடவும் கூடும்.

இன்னொன்று. நீரடுக்குக்கும் எண்ணெயடுக்குக்கும் இடையே களிப்பாறைத் தடுப்பு இருந்தால்தான் கிணற்றருகே வைக்கும் அடைப்புக்குப் பயன் உண்டு. தடுப்பு இல்லாவிட்டால், நீர் அடைப்பைச் சுற்றிக்கொண்டு மேலடுக்கில் புகுந்து வந்துவிடும். சில வாரங்களுக்கு நீர் குறைந்திருக்கும். அதற்குள் வெற்றி என்று அறிக்கை எழுதப்பட்டுவிடும். மூன்று மாதம் கழித்துப் பழைய நிலை. எந்த நீரடைப்பையும் ஓராண்டு கழித்து மதிப்பிடுவதே முறை என்று நாம் கருதுகிறோம்.

நம் நாட்டு வயல்களுக்கு வருவோம். அங்கலேஷ்வர் வயல் 1960இல் கண்டுபிடிக்கப்பட்டது. நர்மதையின் தென்பால் உள்ளது. அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல மணற்கல் அடுக்குகள். அடுக்குக்கு அடுக்கு நீர் வரும் காலம் வேறு. அறுபது ஆண்டுகளுக்கு மேல் எண்ணெய் தந்துவிட்ட இத்தகைய வயலில், எந்த அடுக்கு நீராகிவிட்டது, எதில் இன்னும் எண்ணெய் மிச்சம் என்று கணக்கிட்டு ஒவ்வொரு கிணற்றையும் பழுதுபார்ப்பதே பெருவேலை.

மும்பை ஹை 1974இல் ‘சாகர் சம்ராட்’ கப்பலின் துணைகொண்டு கண்டறியப்பட்டது. 1976இல் எண்ணெய் தரத் தொடங்கியது. அங்கே பாறை, சுண்ணாம்புக்கல். இடையிடையே மெல்லிய களிப்பாறை. துளைகளின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதால், செலுத்திய கடல்நீர் சில இடங்களில் முந்திக்கொண்டு வருகிறது. கடல் மேடையில் கிணறு பழுதுபார்க்கும் செலவும் மிகப் பெரிது. ஆதலால் 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய புனரமைப்பில், பழைய கிணறுகளின் பக்கத்திலிருந்தே கிடைவாக்கில் புதுக் கிளைகளைத் தோண்டித் தீண்டப்படாத எண்ணெயைத் தேடினர். கிடைக் கிணற்றுக்கு ஒரு நன்மை: நெடுந்தொலைவு எண்ணெயடுக்கிலேயே படுத்துக் கிடப்பதால், ஒரே இடத்தில் வலுவாக இழுக்க வேண்டியதில்லை, கூம்பு எளிதில் எழாது. நார்வேயின் டிரோல் வயலில், மேலே வாயுவும் கீழே நீரும் நெருக்க, சில இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள எண்ணெயடுக்கிலிருந்து இம்முறையில்தான் எண்ணெய் எடுத்தனர். கிடைக் கிணற்றின் தொடக்கப் பகுதி அதிகமாக உறிஞ்சிவிடாதபடி, வழிநெடுகத் திரவத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் குறுகல்களையும் 1990களில் அங்கே பொருத்தினர்.

மேஹ்சானாவின் கதை விசித்திரமானது. பாலோல், சாந்தால் வயல்களில் எண்ணெய் மிகத் தடித்தது. பக்கத்தில் நீரோ வலுவானது. நாம் முன் சொன்ன தேனும் தண்ணீரும் கதை அப்படியே நடந்தது. நீர் முந்தியது, எண்ணெயின் பெரும்பகுதி பாறையிலேயே நின்றது. 1990களில் பொறியியலார், பூமிக்குள் காற்றைச் செலுத்தி, எண்ணெயின் ஒரு பகுதிக்குத் தீ மூட்டினர். அந்த வெப்பத்தில் எஞ்சிய எண்ணெய் இளகியது. எரிவாயுக்கள் அதனைத் தள்ளின. பல கிணறுகளில் எண்ணெய் கூடி நீர்ப்பங்கு குறைந்தது. நீரை அடைக்காமல், எண்ணெயை ஓடச் செய்து நீரை வென்ற உபாயம் இது.

பார்மேரில் மங்களா வயல் 2004இல் கண்டறியப்பட்டு 2009இல் எண்ணெய் தந்தது. அங்குள்ள எண்ணெய் மெழுகு மிகுந்தது, குளிர்ந்தால் உறைந்துவிடும், குழாயையே சூடாக்கிக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. அங்கே செலுத்தும் நீரில் பாலிமரைக் கரைத்து, நீரையே கொழகொழப்பாக்கிவிட்டனர். தடித்த நீர் விரல்விரலாக முந்தாமல் அணிவகுத்து எண்ணெயைத் தள்ளுகிறது. வயல் முழுவதற்குமான இத்திட்டம் 2014-15இல் தொடங்கியது. உலகின் பெரிய பாலிமர்த் திட்டங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. இதற்கும் விலை உண்டு. பாலிமர் ஒரு நாள் எண்ணெயோடு வெளியே வந்து, மேலே நீரையும் எண்ணெயையும் பிரிக்கும் வேலையைக் கடினமாக்குகிறது.

எவ்வளவு அடைத்தாலும் நீர் வரத்தான் செய்யும். வந்த நீரை என்செய்வது? அது எண்ணெய்ப் பசையும் உப்பும் கலந்த நீர். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய்ப் பசை இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. பசையை நீக்கிவிடலாம், உப்பை நீக்குவது எளிதன்று. உப்புநீர் ஏறிய வயலில் பல போகம் நெல் விளையாது என்பதை நாகப்பட்டினக் கரையோரத்து உழவரிடம் நாம் போய்ச் சொல்லவேண்டியதில்லை. காவிரிப் படுகையிலும் நரிமணம், கமலாபுரம், குத்தாலம் முதலிய இடங்களில் எண்ணெய் எடுக்கப்படுகிறது. 2020இல் தமிழ்நாட்டில் இயற்றப்பெற்ற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே புதிய திட்டங்களைத் தடுத்தது. முன்னரே நடந்துவந்தவற்றை நிறுத்தவில்லை. கிணறு முதுமையடைய முதுமையடைய நீர்ப்பங்கு ஏறும் என்பதை மேலே கண்டோம். எனவே ஊரைவிட்டு வந்தும் ஊரில் நிலம் வைத்திருக்கும் நேயர்களுக்கு இச்செய்தி தொலைவானதன்று.

நீரைப் போக்க உகந்த வழி, வந்த இடத்துக்கே அதனைத் திருப்பி அனுப்புவதுதான். சுத்தம் செய்த நீரைத் தனிக் கிணற்றின் வழியே ஆழமான அடுக்குக்குள் செலுத்துகின்றனர். எண்ணெய்ப் பாறைக்கே செலுத்தினால் அது மீண்டும் எண்ணெயைத் தள்ளவும் உதவும். இங்கேதான் அந்தச் சிமெண்டு மறுபடி முக்கியமாகிறது. எண்ணெய்க் கிணறும், நீர் செலுத்தும் கிணறும், ஊர் மக்கள் குடிக்கும் நிலத்தடி நீரடுக்கை ஊடுருவியே கீழே செல்கின்றன. எந்தச் சந்தின் வழியே ஆழத்து உவர்நீர் எண்ணெய்த் துளைக்குள் ஏறுமோ, அதுபோன்ற சந்து மேலேயும் இருந்தால் அது குடிநீரிலும் ஏறும். ஆகவே செலுத்தும் கிணற்றின் வெளிக்குழாய் அழுத்தத்தை நாள்தோறும் குறித்து வருகின்றனர். உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையே அழுத்தம் திடீரென ஏறினால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். உடனே பம்பை நிறுத்திவிட்டுக் கருவியை இறக்கிப் பார்க்கின்றனர்.